காந்தி சிலைக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கும் நடுவே ஒரு 90 கிலோமீட்டர்

காலை ஐந்தரைக்கு பீச் ரோட்டுக்குப் போனால் புதுச்சேரியின் பாதி ஜனத்தைப் பார்த்துவிடலாம். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகள் வரக்கூடாது என்பதால், அந்த ஒன்றரை கிலோமீட்டர் நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும்தான் சொந்தம். நான் நடக்கிற கட்சி. முழங்கால் ஓட விடுவதில்லை.

என்னோடு அங்கே பழக்கமான நண்பர் ஒருவர் ஓடுகிற கட்சி. ஐம்பதைத் தொட்டவர். ஆரோவில் மராத்தானில் ஆரம்பித்தவர். 2008இல் தொடங்கிய அந்த ஓட்டத்தில் நேரக் கணக்கும் கிடையாது, பரிசும் கிடையாது, ஓடினால் போதும். அங்கே ருசி கண்டு, பிறகு ஈ.சி.ஆரில் விடியற்காலையில் முப்பது நாற்பது என்று ஓட ஆரம்பித்து, கடைசியில் தென்னாப்பிரிக்கா போய் காம்ரேட்ஸ் என்ற ஓட்டத்தில் கலந்துகொண்டார். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவே சுமார் 90 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நம்ம ஊரிலிருந்து மாமல்லபுரம் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, ஈ.சி.ஆர். தட்டை. அது மலை.

திரும்பி வந்தவரிடம் காந்தி சிலை பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டேன்.

"முடிக்கலண்ணே" என்றார். "உள்ள வந்துட்டேன். கோடு கண்ணுக்குத் தெரியுது. டப்புன்னு வெடிச்சிட்டாங்க."

"எவ்ளோ நேரம் லேட்டு?"

"ரெண்டு நிமிஷம் கூட இருக்காது. துப்பாக்கி வச்சிருக்கவரு நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாருண்ணே. யாரு வர்றான்னு அவருக்குத் தெரியக் கூடாதாம். தெரிஞ்சா மனசு எளகிடும்ல."

பதக்கம் கிடையாது, முடித்தவர் பட்டியலில் பெயர் கிடையாது. எண்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியது கணக்கிலேயே இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. முதுகைக் காட்டி நிற்கிற அந்த ஆள் அன்றைக்கு முழுக்க மண்டையில் நின்றார். இப்படி ஒரு ஓட்டத்தை யார் கண்டுபிடித்தது, எதற்காக, என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, நாங்கள் உட்கார்ந்து பேசிய இடத்துக்கே கதை வந்து சேர்ந்தது. அதை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

ரயில் டிரைவர் ஒருவரின் யோசனை

காம்ரேட்ஸைத் தொடங்கியவர் விக் கிளாப்பம். 1886இல் லண்டனில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு தென்னாப்பிரிக்கா வந்தவர். 1899இல் போயர் போர் வெடித்தபோது, பதின்மூன்று வயதில் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்தார் என்பது அவரைப் பற்றிய வரலாற்றில் முதல் செய்தி. (இந்த ஆம்புலன்ஸ் படையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.) பிறகு நேட்டாலில் ரயில் எஞ்சின் டிரைவர் வேலை.

முதல் உலகப்போர் வந்ததும் 8வது தென்னாப்பிரிக்கக் காலாட்படையில் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். இன்றைய தான்சானியா அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. லெட்டோ ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதி, அஸ்காரி என்கிற ஆப்பிரிக்கச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு பிடி கொடுக்காமல் ஓடிக்கொண்டே இருந்தார். பின்னாலேயே துரத்திக்கொண்டு போன கூட்டத்தில் கிளாப்பமும் ஒருவர். சுமார் 2,700 கிலோமீட்டர் நடை என்கிறார்கள். வெயில், மலேரியா, பசி. சண்டையில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் அதிகமாக இருந்த போர்முனை அது. அதிலும் அதிகம் செத்தது, ராணுவத்துக்கு மூட்டை சுமந்த ஆப்பிரிக்கக் கூலிகள். ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு.

ஊர் திரும்பிய கிளாப்பமுக்கு, கூட இருந்து செத்துப்போனவர்களை எப்படி நினைவு வைத்துக்கொள்வது என்ற கேள்வி. எல்லா ஊரிலும் கல்லில் தூண் நட்டார்கள். இவருக்கு அது போதவில்லை. தான் பட்ட பாட்டை உடம்பால் திரும்ப ஒருமுறை படுவதுதான் அவர்களுக்குச் சரியான அஞ்சலி என்று தோன்றியிருக்கிறது. இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு நடக்கும் போட்டி ஒன்று இருந்தது. அதை மனதில் வைத்து, மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு ஓடலாம் என்றார்.

முன்னாள் படைவீரர் சங்கத்தின் பெயர் 'மாபெரும் போரின் தோழர்கள் கழகம்'. காம்ரேட்ஸ் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது, இடதுசாரித் தோழர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சங்கத்திடம் கிளாப்பம் 1918இல் அனுமதி கேட்டார். பைத்தியக்காரத்தனம் என்று மறுத்துவிட்டார்கள். அடுத்த வருஷமும் கேட்டார். அதற்கடுத்த வருஷமும். படைக்குப் போகுமுன் கடையிலும் ஆபீசிலும் உட்கார்ந்திருந்த சாதாரண ஆளுங்க, முதுகில் மூட்டையோடு ஆப்பிரிக்காவில் பாதியை நடந்தார்கள், தேர்ந்த ஓட்டக்காரனால் இந்த ரோட்டில் ஓட முடியாதா என்பது அவர் வாதம். 1921இல் சரி என்றார்கள். செலவுக்கு ஒரு பவுண்டு கொடுத்தார்கள். அதுவும் திருப்பித் தரவேண்டிய பணம்!

1921 மே 24. மாரிட்ஸ்பர்க் நகர மண்டபத்தின் முன்னால் 34 பேர் நின்றார்கள். பெரும்பாலும் தார் போடாத மண் ரோடு. கரும்புத் தோட்டம், மாட்டுப் பண்ணை, நடுவே சின்னச் சின்ன ஊர்கள். முடித்தவர்கள் 16 பேர். முதலில் வந்தவர் பில் ரோவன் என்ற விவசாயி, 8 மணி 59 நிமிடம். அவர்களுக்கும் பன்னிரண்டு மணி நேரம்தான் கெடு.

விவசாயி நியூட்டனும் கோழிக் குழம்பும்

அடுத்த வருஷம் திசையை மாற்றினார்கள். கடலோர டர்பனில் தொடங்கி மேலே மாரிட்ஸ்பர்க் வரை. அன்றிலிருந்து ஒரு வருஷம் ஏற்றம், ஒரு வருஷம் இறக்கம் என்பது வழக்கமாகிவிட்டது. ஏற்ற ஓட்டத்தில் கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து பெரிய குன்றுகள். கடைசிக் குன்று, முடிவுக்குச் சுமார் எட்டு கிலோமீட்டருக்கு முன்னால் வந்து நிற்கும். வழியின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல். இறக்கம்தான் சுலபம் என்று நினைக்காதீர்கள். தொடை போய்விடும் என்று ஓடியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

1922இல் ஜெயித்தவர் ஆர்தர் நியூட்டன். வயது 39. அதற்குப் பிறகும் நான்கு முறை ஜெயித்தார். மெதுவாக, நீளமாக, தினமும் ஓடிப் பழக வேண்டும் என்று இன்றைக்கு எல்லா ஓட்டக்காரர்களும் சொல்கிற பாடத்தை உலகத்துக்குச் சொன்னவர்களில் அவர் முன்னோடி. அவர் ஓட வந்த காரணம் விசித்திரமானது. அவருடைய பண்ணையைச் சுற்றி இருந்த நிலத்தை அரசாங்கம் கறுப்பர்களின் குடியிருப்புக்கு ஒதுக்கியது. தன் நிலத்துக்கு மதிப்புப் போய்விட்டது, நஷ்டஈடு வேண்டும் என்பது அவர் வழக்கு. யாரும் காது கொடுக்கவில்லை. ஓடிப் பேர் வாங்கினால் பேச்சு எடுபடும் என்று ஓட ஆரம்பித்தாராம். பேர் கிடைத்தது, நஷ்டஈடு கிடைக்கவில்லை. பாதி வழியில் ட்ரம்மண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் சாலையோர மண்மேட்டில் ஒரு குழிவு இருக்கிறது. அவர் உட்கார்ந்து இளைப்பாறிய இடம் என்று அதற்கு 'ஆர்தரின் இருக்கை' என்று பெயர். இப்போதும் ஓடுகிறவர்கள் அங்கே ஒரு பூவை வைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம்ம ஊர் எல்லைச்சாமிக்கு வண்டிக்காரர்கள் செய்கிற மாதிரி.

அதே 1922இல் பில் பெய்ன் என்ற ரக்பி ஆட்டக்காரரும் ஓடினார். ரக்பி பூட்ஸ் போட்டுக்கொண்டு. வழியில் ஒரு ஓட்டலில் முட்டை, இன்னோர் இடத்தில் கூட ஓடியவரோடு சேர்ந்து கோழிக் குழம்பு, பிறகு பீர், ஆரஞ்சு, டீ, கேக், ஒரு புண்ணியவதி கொடுத்த பீச் பழச் சாராயம். எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு எட்டாவதாக வந்தார் என்று கதை சொல்வார்கள். காம்ரேட்ஸ் பற்றி எழுதுகிற எல்லாரும் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கோழிக் குழம்பில் புத்தி நின்றுவிட்டது. 1922இல், நேட்டாலின் நடுக்காட்டில், வெள்ளைக்காரர் இருவர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்து சாப்பிட அந்தக் குழம்பு எங்கிருந்து வந்தது?

அந்த ரோட்டில் நம்ம ஆளுங்க

1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. மதராஸிலிருந்து கிளம்பிய கப்பல். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் கூட்டம், சுமார் 340 பேர். 1911இல் இது நிற்பதற்குள் வந்தவர்கள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாகப் போனவர்கள், அதாவது தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அதே காலத்தில் நம்ம புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் கப்பல்கள் நின்று ரியூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மர்த்தினிக்குக்கும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. கொடிதான் வேறு, கரும்பும் பிரம்பும் ஒன்று.

நேட்டாலில் எல்லாரும் கரும்பு வெட்டவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த ஒப்பந்தக் கூலிகள் ஏராளம். விக் கிளாப்பம் பின்னாளில் எஞ்சின் ஓட்டிய நேட்டால் தண்டவாளத்தில் நம்ம ஆட்களின் வியர்வை இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் டர்பனைச் சுற்றிக் காய்கறித் தோட்டம் போட்டார்கள், தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாக விற்றார்கள், ஓட்டல்களில் பரிமாறினார்கள், சமைத்தார்கள். கோழிக் குழம்பு வந்த வழி இதுதான். அதைக் கொதிக்க வைத்த கை யாருடையது என்று எனக்குத் தெரியாது. மசாலா யார் கொண்டுபோனது என்று தெரியும்.

இதே வழியில் 1893 ஜூனில் ஒரு இளம் வக்கீல் டர்பனிலிருந்து முதல் வகுப்பு டிக்கெட்டோடு ரயிலில் மேலே போனார். மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம். ஓவர்கோட்டு பெட்டியோடு போய்விட்டது, கேட்கப் பயமாக இருந்தது, நடுங்கிக்கொண்டே இரவைக் கழித்தார். காந்தி கதையில் நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்த அத்தியாயம். அதை நான் இப்போதுதான் ஒரு வரைபடத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன். டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க், காம்ரேட்ஸின் ஏற்ற ஓட்டம் போகும் அதே திசை. காம்ரேட்ஸ் இப்போது நடப்பதும் பெரும்பாலும் ஜூனில்தான்.

ஆம்புலன்ஸ் படையை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? பதின்மூன்று வயது கிளாப்பம் சேர்ந்த அதே போயர் போரில் நேட்டால் இந்தியர்களும் ஒரு ஆம்புலன்ஸ் படை அமைத்தார்கள். சுமார் 1,100 பேர். அதில் 300 பேர் சுதந்திர இந்தியர்கள், மற்றவர்கள் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைத் தூக்குக்கட்டிலில் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து மைல் நடந்தோம் என்று காந்தி எழுதுகிறார். தோளில் ஆளைச் சுமந்துகொண்டு 32 முதல் 40 கிலோமீட்டர்! ஒரு மராத்தான் தூரம். கிளாப்பமின் 2,700 கிலோமீட்டருக்குத் தருகிற மரியாதையை இதற்கும் தரவேண்டும் இல்லையா?

பிறகு 1913. ஒப்பந்தம் முடிந்து தங்கியவர்கள் தலைக்கு வருஷம் மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து வடக்கு நேட்டாலின் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காம்ரேட்ஸ் ரோட்டில் இல்லை இது, அதே மாகாணத்தின் இன்னொரு ரோட்டில். நியூகாஸிலிலிருந்து எல்லை ஊரான சார்ல்ஸ்டவுனுக்கு 36 மைல். அதை இரண்டு நாளில் நடந்தார்கள். நவம்பர் 6ஆம் தேதி அங்கிருந்து எல்லையைத் தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்தார்கள். 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தி கணக்கு வைத்திருக்கிறார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. நாளைக்கு 24 மைல் வீதம் எட்டு நாளில் டால்ஸ்டாய் பண்ணையை அடைவது திட்டம். இடையிலேயே மறித்து, ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். வழியில் கைக்குழந்தைகள் இரண்டு இறந்தன. தாய்மார்கள் நிற்காமல் நடந்தார்கள்.

அந்தப் போராட்டத்தில்தான் வள்ளியம்மையும். பெற்றோருக்கு ஊர் நம்ம காரைக்காலுக்குப் பக்கத்துத் தில்லையாடி, பிறந்தது ஜோகன்னஸ்பர்க். கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறையில் இருந்தார். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். பதினாறு வயது.

கிளாப்பம் போன கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனையிலும் நம்ம ஆட்கள் உண்டு. 1914 நவம்பரில் தாங்கா என்ற துறைமுகத்தில் பிரிட்டிஷ் படை இறங்கி, சரியாக அடிவாங்கித் திரும்பியது. இறங்கிய படையில் '63வது பாளையங்கோட்டை இலகு காலாட்படை' ஒன்று. நேட்டால் இந்தியர்களும் தூக்குக்கட்டில் சுமக்க ஒரு பிரிவாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள்.

இவ்வளவையும் ஏன் அடுக்குகிறேன் என்றால், இந்தப் போரில் செத்தவர்களின் நினைவாக ஆரம்பித்த ஓட்டத்தில், இவர்களுடைய பிள்ளை ஒருவர் 1921இல் வந்து பெயர் கொடுத்திருந்தால் எடுத்திருக்கமாட்டார்கள். வெள்ளைக்காரராக இருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். 1975 வரை இதுதான் விதி.

கணக்கில் வராதவர்கள்

விதி இருந்தால் மீறுகிறவர்களும் இருப்பார்கள். 1923இல் ஃபிரான்ஸஸ் ஹேவர்ட் என்ற பெண் பெயர் கொடுத்தார். மறுத்தார்கள். சரி என்று எண் இல்லாமலே ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் கிடையாது. கூட ஓடியவர்களும் பார்க்க வந்தவர்களும் சேர்ந்து காசு போட்டு ஒரு வெள்ளி டீ செட்டும் பூக்கிண்ணமும் வாங்கிக் கொடுத்தார்கள்.

1935இல் ராபர்ட் ம்ட்ஷாலி. காம்ரேட்ஸை ஓடி முடித்ததாகப் பதிவான முதல் கறுப்பர். 9 மணி 30 நிமிடம். நல்ல நேரம். ஆனால் முடிவுப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. அவருக்குப் பின்னாலும் இப்படி எண் இல்லாமல் ஓடியவர்கள் உண்டு.

என் நண்பருக்கும் இவர்களுக்கும் நடந்ததை ஒன்று என்று சொல்லமாட்டேன். அவருக்கு விதி முன்கூட்டியே தெரியும், எல்லாருக்கும் ஒரே கடிகாரம். இவர்களுக்குக் கடிகாரமே ஓடவில்லை. அவருக்கு முதுகைக் காட்டி நின்றது, முகம் பார்க்காமல் இருப்பதற்காக. இவர்களுக்கு முதுகைக் காட்டியது, முகத்தைப் பார்த்த பிறகு.

1975இல் காம்ரேட்ஸின் 50வது ஓட்டம். (இரண்டாம் உலகப்போரில் 1941 முதல் 1945 வரை நடக்கவில்லை, அதனால்தான் அந்தக் கணக்கு.) அந்த வருஷம் எல்லா நிறத்தவருக்கும் பெண்களுக்கும் அதிகாரபூர்வமாகக் கதவைத் திறந்தார்கள். திடீர் ஞானோதயம் என்று சொல்ல முடியாது. நிறவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவை 1964இலிருந்தே ஒலிம்பிக்ஸில் சேர்க்கவில்லை. உலகம் விளையாட்டில் ஒதுக்கி வைத்திருந்த காலம். வெளியிலிருந்து வந்த நெருக்கடிக்கு உள்ளே சில கதவுகள் திறந்தன, அதில் இது ஒன்று. லெசோத்தோவைச் சேர்ந்த வின்சென்ட் ராக்கபேலே 20வதாக வந்து, அதிகாரபூர்வமாகப் பதக்கம் வாங்கிய முதல் கறுப்பரானார். பெண்களில் எலிசபெத் கேவனா முதலிடம்.

ஓட்டம் திறந்ததால் நாடு திறந்துவிடவில்லை. 1981இல் காம்ரேட்ஸை நிறவெறிக் குடியரசின் இருபதாவது ஆண்டு விழாவோடு சேர்த்தார்கள். புரூஸ் ஃபோர்டைஸ் என்ற மாணவர் அதை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி ஓடினார். வழியில் தக்காளி எறிந்தார்கள். அவர்தான் ஜெயித்தார். அதைச் சேர்த்து மொத்தம் ஒன்பது முறை. 1989இல் சாம் ட்ஷபலாலா ஜெயித்தார், முதல் கறுப்பின வெற்றியாளர். மண்டேலா இன்னும் சிறையில்தான் இருந்தார். பல காலம் மே 31ஆம் தேதி, குடியரசு தினத்தில் நடந்த ஓட்டம், புது ஆட்சி வந்தபின் 1995இல் ஜூன் 16க்கு மாறியது. 1976இல் சோவெட்டோ மாணவர்கள் சுடப்பட்ட நாள் அது. அஞ்சலி ஓட்டத்தை அந்த நாளில் வைக்கலாமா என்ற வாதம் எழுந்து பிறகு தேதி மறுபடி மாறியது.

பன்னிரண்டு மணி நேரம்

கெடு நேரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஆரம்பத்தில் 12 மணி. 1928இல் 11 ஆகக் குறைத்தார்கள். 2003இல் மறுபடி 12. இந்த ஒரு மணி நேரத்தை லேசாக நினைக்காதீர்கள். முதலில் வருகிறவர்கள் ஐந்தரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். 2023இல் டெட்டே டிஜானா இறக்க ஓட்டத்தை 5 மணி 13 நிமிடம் 58 விநாடியில் முடித்தது சாதனை. ஆனால் இது அவர்களின் ஓட்டம் இல்லை. கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் வருகிறார்கள். ஆசிரியர், காவலர், வீட்டுவேலை செய்பவர், வங்கி மேலாளர், தாத்தா, பாட்டி. 2010இல் முடித்தவர்கள் மட்டும் 14,343 பேர்.

இதில் வாலி ஹேவர்டைச் சொல்லாமல் விட முடியாது. 1930இல் 21 வயதில் ஜெயித்தவர். ஐம்பதுகளில் இன்னும் நான்கு முறை. 1988இல், 79 வயதில், திரும்பி வந்து 9 மணி 44 நிமிடத்தில் முடித்தார். அடுத்த வருஷம் 80 வயதில் மறுபடி. அந்தத் தடவை தள்ளாடித் தள்ளாடி வந்தார். கெடு 11 மணி. கோட்டைத் தொட்டபோது பாக்கி இருந்தது ஒரு நிமிடம் 57 விநாடி.

காம்ரேட்ஸ் தன் கணக்கைத் திருத்திக்கொண்ட விதம் எனக்குப் பிடித்தது. நேரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஒரு பெயர். ஒன்பது மணி நேரத்துக்குள் முடித்தால் பில் ரோவன் பதக்கம், முதல் வருஷம் அவர் எடுத்த நேரம் அதுதானே. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, கடைசிக் கூட்டத்தோடு வந்தால் விக் கிளாப்பம் பதக்கம். 2019இலிருந்து, ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே வருகிறவர்களுக்கு ராபர்ட் ம்ட்ஷாலி பதக்கம். அவருடைய 9 மணி 30 நிமிடம் அந்த இடைவெளிக்குள் கச்சிதமாக உட்காருகிறது. ஓடி 84 வருஷம் கழித்துக் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். இன்றைக்கு ஒவ்வொரு வருஷமும் யாராவது அவர் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்தியாவிலிருந்தும் இப்போது பெருங்கூட்டம் போகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய கூட்டங்களில் நம்முடையதும் ஒன்று. விமானத்தில் போய், எண் குத்திக்கொண்டு, அந்த ரோட்டில் ஓடிவிட்டு வருகிறார்கள். எத்தனை பேருக்கு ட்ரூரோ கப்பல் தெரியும் என்று எனக்குள் ஒரு கேள்வி. குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் போன மாதம் வரை தெரியாது.

பீச் ரோடு, மறுபடியும்

எங்க ஊர் காந்தி சிலை கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம். முதல் உலகப்போரில் பிரான்சுக்காகப் போய்ச் செத்த பிரெஞ்சு இந்தியர்களுக்காக எழுப்பி 1938இல் திறந்தது. ஜூலை 14 வந்தால் விளக்குப் போடுவார்கள். வயதான சொல்தாக்கள் கோட்டில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்து மலர்வளையம் வைப்பார்கள். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். வருஷா வருஷம் சொல்தாக்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. மற்ற நாட்களில் அந்தக் கல் பின்னணியாக நிற்கிறது, முன்னால் நின்று ஜனங்கள் செல்ஃபி எடுக்கிறார்கள்.

கிளாப்பம் பயந்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். கல் நிற்கும், பார்க்கிறவன் மறந்துவிடுவான். ஓடினால் மறக்க முடியாது என்று அவர் நம்பினார். ஆனால் அவர் ஓட்டமும் ஐம்பது ஆண்டுகள் பாதிப் பேரைத்தான் நினைவு வைத்திருந்தது. மூட்டை சுமந்தவன், தூக்குக்கட்டில் தூக்கியவன், தண்டவாளம் போட்டவன் எல்லாம் அந்த ரோட்டோரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இதையெல்லாம் நண்பரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் இருந்தார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஊர்லயாண்ணே? நான் அங்கதான ரெண்டு நாள் தங்கியிருந்தேன். சொல்லியிருந்தா போய்ப் பாத்திருப்பேன்ல."

"எனக்கே இப்பதான் தெரியும்."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டினார்.

"சரிண்ணே, அடுத்த தடவ போறப்ப அந்த எடத்தையெல்லாம் எழுதிக் குடுங்க. மொத நாளே போயி பாத்துட்டு அப்புறம் ஓடுறேன்."

அடுத்த தடவையா என்று நான் கேட்பதற்குள் டூப்ளே சிலை பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டார். அவருக்கு எழுதிக் கொடுத்த பட்டியல்தான் கொஞ்சம் நீண்டு இந்தக் கட்டுரையாக ஆகிவிட்டது. மாரிட்ஸ்பர்க் பக்கம் நீங்கள் யாராவது போனால் உங்களுக்கும் உதவும்.